நானூற்றுப் பன்னிரண்டுக்கு உடம்பு சரியில்லை

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மனத்தில் தானாக ஊறியதல்ல. ஒரு சிறு புத்தகத்தில் நான்கு பக்கம் காலியாகக் கிடந்தது. அதை நிரப்பச் சொன்னார்கள். எங்கள் கல்லூரி ஆண்டுக்கொரு முறை நலவாரம் நடத்தும். அந்த வாரத்தில் எல்லா மாணவர்களுக்கும் ஒரு கையேடு கொடுக்கும். பல் துலக்குவது, கண்ணுக்கு ஓய்வு, மனச்சோர்வு வந்தால் யாரிடம் போவது என்றெல்லாம் அதில் இருக்கும். இந்த ஆண்டு கூடவே ஒரு கதையும் இருந்தால் நன்றாயிருக்கும் என்று நலக்குழுவுக்குத் தோன்றிவிட்டது. மொழிப்பாடம் நடத்துகிறவள் என்ற ஒரே குற்றத்துக்காக என்னைப் பிடித்தார்கள்.

நலக்குழுவின் தலைவர் துணை முதல்வர். அவர் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தது இது: ஒரு மாணவி, ஒரு கெட்ட பழக்கம், ஒரு திருந்தல். தண்ணீர், தூக்கம், கைகழுவுதல் மூன்றும் எங்காவது வர வேண்டும்.

"முடிவு மட்டும் சந்தோஷமா இருக்கட்டும் டீச்சர். பிள்ளைங்க மனசு கலங்கிடக் கூடாது" என்றார்.

உட்கார்ந்தேன். எழுதினேன்.

அந்த மாணவிக்குத் தண்ணீர் என்றாலே பிடிக்காது. பாட்டிலை அம்மா நிரப்பிக் கொடுத்தாலும் அவள் அதை—

[விட்டுவிட்டேன். அவள் குடிக்காவிட்டால் எனக்கென்ன?]

கிருமிகள் கண்ணுக்குத் தெரியாதவை. ஆனால் அவை எங்கும்—

[இந்தத் தொனியில் வகுப்பெடுத்தால் கடைசி வரிசை தூங்கிவிடும். ஆக, தூக்கம் வந்துவிட்டது. மூன்றில் ஒன்று முடிந்தது.]

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்குக் கதை வரவில்லை என்று ஒப்புக்கொள்ளாமல், விவரம் போதவில்லை என்று சொல்லிக்கொண்டு நல மையத்துக்குப் போனேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது அன்றைக்குத்தான்.

2

நல மையம் நூலகத்துக்குப் பின்னால் இருக்கிறது. முன்பு விளையாட்டுச் சாமான் போட்டு வைத்த அறை. பந்து மாட்டும் கம்பிவலை இன்னும் சுவரில் இருக்கிறது; அதில் இப்போது பஞ்சுக் கட்டுகள். ஒரு கட்டில், பச்சைத் திரை, ஒரு எடை மெஷின். யாரும் ஏறாதபோதே அந்த மெஷின் இரண்டு கிலோ காட்டும். சிஸ்டர் மனக்கணக்கில் கழித்துக்கொள்வார்.

வாசலில் இரண்டு பலகைகள். ஒன்றில் இந்த ஆண்டின் முழக்கம்: "எல்லோருக்கும் நலம்". அதற்குக் கீழே சற்றுச் சின்ன எழுத்தில் இன்னொன்று: "மாணவர் அட்டை இல்லாதவர்களுக்குச் சிகிச்சை வழங்கப்படாது". இரண்டையும் தினமும் காலையில் ஈரத்துணியால் துடைத்துச் சுத்தமாக வைத்திருப்பவருக்கு மாணவர் அட்டை கிடையாது. அவரிடம் பிறகு வருகிறேன்.

நான் போனபோது சிஸ்டர் திரைக்குப் பின்னால் யாருக்கோ கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். "யாரது? உட்காருங்க, கை வேலையா இருக்கேன்" என்று குரல் மட்டும் வந்தது. உட்கார்ந்தேன். மேசையில் வருகைப் பதிவேடு திறந்து கிடந்தது. பிறத்தியார் நோயைப் படிப்பது தப்பு என்று எனக்குத் தெரியும். படித்தேன்.

முதல் பத்தியில் மாணவர் எண், இரண்டாவதில் என்ன தொந்தரவு, மூன்றாவதில் என்ன கொடுத்தார்கள். முதல் வரியில் 412. மூட்டுவலி. அடுத்த வரியிலும் 412. இரத்த அழுத்தம். நடுவில் வேறு எண்கள், சளி, தலைவலி. மறுபடி 412, மாதவிடாய் நிற்கும் காலத்துப் படபடப்பு. மறுநாளே 412, குடலிறக்கம். பக்கத்தைப் புரட்டினேன். 412, கிட்டப் பார்வை போதவில்லை, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. 412, ஏழாம் மாதம், கால் வீக்கம். 412, சிறுநீர் கழிப்பதில் சிரமம், ஆண்களுக்கு வரும் சுரப்பி வீக்கமாக இருக்கலாம்.

"சிஸ்டர், இந்தப் பொண்ணு இன்னும் உயிரோட இருக்காளா?" என்று கேட்டேன்.

வேடிக்கைக்காகத்தான் கேட்டேன். ஆனால் கேட்டு வாயை மூடுவதற்குள் ஞாபகம் வந்துவிட்டது. அந்த எண்ணை நான் முன்பே பார்த்திருந்தேன்.

3

[இந்தப் பகுதி இரண்டுக்கு முன்னால் வந்திருக்க வேண்டும். நல்ல எழுத்தாளர் என்றால் வெட்டி எடுத்து அங்கே ஒட்டியிருப்பார். நான் இதைத் தள்ளிப்போட்டதற்குக் காரணம் கலை இல்லை, வெட்கம்.]

அதற்குப் பத்து நாள் முன்பு நலக்குழுக் கூட்டம் நடந்தது. கூட்டக் குறிப்பு எழுதுவதும் என் தலையில்தான். புள்ளியியல் சார் ஒரு படம் காட்டினார். யார் யார் நல மையத்துக்கு எத்தனை முறை வந்தார்கள் என்பதை வெறும் எண்ணாக மட்டும் எடுத்திருந்தார். என்ன நோய் என்பது ரகசியம், அதை அவர் கேட்கவும் இல்லை. அதில் அவர் சுத்தம். படத்தில் எல்லாக் கோடுகளும் புல் மாதிரி கிடந்தன, ஒன்று மட்டும் தென்னை மாதிரி நின்றது.

"நானூத்திப் பன்னிரண்டு. எட்டு மாசத்துல நூத்திப் பதினேழு தடவை" என்றார்.

அவளுடைய வகுப்பு வருகையைப் பார்த்தார்கள். சேர்ந்த ஐந்து நாளுக்குப் பிறகு ஒரு நாள்கூட வரவில்லை. கல்லூரி அனுப்பிய மூன்று மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை. இதிலிருந்து எந்தச் சாதாரண ஆளும், இந்தப் பெண் இங்கே படிக்கவே இல்லையோ என்று யோசித்திருப்பார். நாங்கள் படித்தவர்கள். பதில் எழுதக்கூடத் தெம்பில்லாமல் கிடக்கிறாள் என்று முடிவு கட்டினோம்.

துணை முதல்வரின் கண் கலங்கியது. நான் அவரைக் கேலி செய்யவில்லை. உண்மையிலேயே கலங்கியது. "இத்தனை தடவை கதவைத் தட்டியிருக்கா. நாம ஒருத்தர்கூட என்னம்மான்னு கேக்கலையே" என்றார். அந்தப் பெண் ஓய்வெடுக்கச் சாய்வு நாற்காலி ஒன்று வாங்குவது என்று தீர்மானமாயிற்று. பெற்றோருக்குக் கடிதம் அனுப்புவது என்றும் தீர்மானமாயிற்று. கடிதம் எழுத வேண்டியது மொழி ஆசிரியை.

எழுதினேன். வஞ்சனை இல்லாமல் எழுதினேன். "தங்கள் மகள் தன் வேதனையை யாரிடமும் சொல்லாமல் சுமந்து வருகிறாள் என அஞ்சுகிறோம்" என்றெல்லாம் போட்டேன். அதன் அடியில் துணை முதல்வர் தன் கைப்பட ஒரு வரி சேர்த்தார்: "இவ்வளவு நாள் கவனிக்காமல் விட்டதற்கு மனப்பூர்வமாக வருந்துகிறேன்."

நான் இதுவரை எழுதியவற்றில் ஒருவரை அழவைத்தது அந்தக் கடிதம் ஒன்றுதான். நான் முகம் பார்க்காத, இல்லாத நோயாளி ஒருத்தியைப் பற்றி.

3 (மறுபடியும்)

திரை விலகியது. கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவர் ஈரத்தரை அக்கா.

வாசல் பலகைகளைத் துடைப்பவர் இவர்தான். அவருக்கு அந்தப் பெயரை வைத்தது மாணவர்கள். தரை துடைக்கும்போது "ஈரத்தரை, கவனம்" என்ற மஞ்சள் பலகையை முன்னால் வைத்துவிட்டுத்தான் தொடங்குவார். நாளெல்லாம் அந்தப் பலகையும் அவரும் மாடி மாடியாக நகர்வார்கள். சர்க்கரை நோய். வலது பாதத்தின் ஓரத்தில், சுண்டுவிரலுக்குக் கீழே, ஒரு புண். ஐந்து மாதமாக ஆறவில்லை. ஆறாததற்குக் காரணம் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம்: நாளில் எட்டு மணி நேரம் அந்தக் கால் தண்ணீரில் நிற்கிறது.

"டீச்சருக்கு எதைப் பாத்தாலும் படிக்கணும்" என்றார் சிஸ்டர், பதிவேட்டை மூடியபடி.

"சிஸ்டர், இந்த நானூத்திப் பன்னிரண்டு யாரு?"

"ஏன்?"

"அவங்க வீட்டுக்கு லெட்டர் போயிருக்கு. நான்தான் எழுதினேன்."

சிஸ்டர் கையுறையைக் கழற்றினார். கழற்றியதை மடித்தார். குப்பைக்குப் போகும் கையுறையை யாரும் மடிப்பதில்லை.

பிறகு சொன்னார். பதிவேட்டில் எழுதுவதைக் கணினியிலும் ஏற்ற வேண்டும். அதில் முதல் கட்டத்தில் மாணவர் எண் போடாவிட்டால் அடுத்த கட்டம் திறக்காது. திறக்காவிட்டால் அலமாரியிலிருந்து ஒரு பஞ்சைக்கூட எடுத்துக் கணக்குக் காட்ட முடியாது. மாணவர்கள் கட்டும் பணத்தில் நடக்கும் இடம், ஆகவே மாணவர்களுக்கு மட்டும். விதியை எழுதியவர்கள் கொடியவர்கள் இல்லை. அவர்கள் கண்ணில் துடைத்த தரை பட்டது. துடைக்கிற ஆள் படவில்லை.

இரண்டு ஆண்டுக்கு முன் ஒரு பெண் சேர்ந்தாள். ஐந்தாம் நாள் தலைவலி என்று வந்து மாத்திரை வாங்கிக்கொண்டு, அட்டையை மேசையிலேயே விட்டுப் போனாள். மறுநாள் பக்கத்து ஊர்க் கல்லூரியில் அவள் கேட்ட பாடம் கிடைத்துவிட்டது. போய்விட்டாள். அலுவலகம் அவள் பெயரை எடுக்க மறந்தது. அட்டை மேசை இழுப்பறையில் கிடந்தது. அந்த வாரம்தான் சமையல்கூடத்துக்காரர் ஒருவர் கையைச் சுட்டுக்கொண்டு ஓடிவந்தார்.

"கொப்புளம் இவ்வளவு பெருசு. அட்டை எங்கேன்னா கேக்க முடியும்? இழுப்பறையில கெடந்த நம்பரைப் போட்டேன். ஒரு தடவைதான்னு நெனச்சேன்."

அப்புறம் தோட்டக்காரர் வந்தார். காவல்காரர் வந்தார். பதினான்கு பேர் ஆனார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பதினான்கு பேரை ஒரு பெண்ணுக்குள் மறைத்து நான் பார்த்ததில்லை. வாரம் இரண்டு முறை வரும் டாக்டருக்கும் தெரியும். "எதிர்ல உக்காந்திருக்கிறவங்களைப் பாக்கறதுதான் என் வேலை. நம்பரைப் பாக்கறது இல்லை" என்பாராம்.

"இங்க இல்லேன்னா பெரிய ஆஸ்பத்திரிதான் டீச்சர்" என்றார் ஈரத்தரை அக்கா. "ரெண்டு பஸ்சு. விடியக்காலையில வரிசையில நின்னா மத்தியானம் கூப்பிடுவாங்க. ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாத்தணும்னா, ஒரு நாள் விட்டு ஒரு நாள் வேலைக்கு லீவு போடணும். மூணு நாள் வரலேன்னா கான்ட்ராக்டர் வேற ஆளை வச்சிடுவாரு."

"கட்டு மாத்தலேன்னா?"

அக்கா சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் எடை மெஷினைப் பார்த்தார்.

"விரலை எடுக்கறதோட நிக்கலாம். நிக்காமலும் போகலாம்" என்றார் சிஸ்டர்.

4

இந்த சிஸ்டரை நீங்கள் நம்புகிறீர்களா? எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. எழுதும்போது அவர் புனிதராகப் போய்க்கொண்டே இருக்கிறார். பிடித்து இழுத்துத் தரையில் நிறுத்த வேண்டியிருக்கிறது. ஆகவே குறித்துக்கொள்ளுங்கள்: அவர் சிடுசிடுப்பானவர். அக்காவிடம் "செருப்பை மாத்துன்னு எத்தனை தடவை கத்தறது" என்று கரடியாய்க் கத்துவார். மாத்திரையை மறந்துவிட்டு வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி மானத்தை வாங்குவார். தான் செய்தது சரி என்று அவர் ஒரு முறைகூட என்னிடம் சொல்லவில்லை. "கணக்குல இது பொய்தான்" என்று மட்டும் சொன்னார்.

ஆனால் எந்தக் குளறுபடியும் நேராமல் ஒரு வழி செய்திருந்தார். பதிவேட்டில் ஒவ்வொரு 412க்கும் பக்கத்தில், ஓரத்தில், பென்சிலால் குட்டிப் படம். சமையல்காரருக்குக் கரண்டி. காவல்காரருக்குச் சாவி. தோட்டக்காரருக்கு இலை. அக்காவுக்கு வாளி. யாருக்கு எந்த மாத்திரை, யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்பதைப் படத்தை வைத்துத்தான் பிரிப்பார். நான் எழுதிய எந்தப் பாத்திரத்துக்கும் இவ்வளவு அக்கறையாக அடையாளம் வைத்ததில்லை.

ஓரிடத்தில் மட்டும் படம் புரியவில்லை. குட்டையாக ஒரு குச்சி. 412, தொண்டைக்கட்டு, மூன்று நாளாகக் குரல் இல்லை.

"இது என்ன சிஸ்டர், மெழுகுவத்தியா?"

"சாக்பீஸ்" என்றார். "நீங்கதான்."

[இங்கே ஒரு விளக்கம் தர வேண்டும். நான் மணிக்கணக்கில் வகுப்பெடுப்பவள். நிரந்தர வேலை இல்லை. எனக்கும் அட்டை கிடையாது. போன மழைக்காலத்தில் தொண்டை கட்டிப்போய் வந்து நின்றேன், சிஸ்டர் மருந்து கொடுத்தார், வாங்கிக்கொண்டு போனேன். எந்தக் கணக்கில் என்று கேட்கத் தோன்றவில்லை. அட்டை கேட்காததை, ஆசிரியைக்குத் தரும் மரியாதை என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.]

ஆக, இந்தக் கதையைச் சொல்கிற நானும் நானூற்றுப் பன்னிரண்டுதான். நூற்றுப் பதினேழில் ஒன்று என்னுடையது. "தன் வேதனையை யாரிடமும் சொல்லாமல்" என்று நான் எழுதியது என்னையும் பற்றித்தான்.

[இன்னொன்று. 412 உண்மையான எண் அல்ல, மாற்றியிருக்கிறேன். தேட வேண்டாம்.]

5

கடிதம் போய்ச் சேர்ந்த மறுநாள், நான் மறுபடி நல மையத்தில் இருக்கும்போதே, அந்தப் பெண்ணின் அம்மா வந்துவிட்டார். தையல்காரர். நான்கு மணி நேரப் பஸ் பயணம். கிளம்பிய அவசரத்தில் கழுத்தில் போட்டிருந்த அளவு நாடாவைக் கழற்ற மறந்திருந்தார்.

"எங்க என் பொண்ணு?" என்றார் வாசலிலிருந்தே. திரையை இழுத்தார். கட்டிலில் ஈரத்தரை அக்கா காலைத் தூக்கி வைத்திருந்தார்.

"உங்க பொண்ணு இங்க இல்லீங்க" என்றார் சிஸ்டர். "அவ நல்லா இருக்கா. போன் போட்டீங்களா?"

"போட்டேன். எனக்கு ஒண்ணுமில்லேன்னு சிரிச்சா. அந்தச் சிரிப்புதான் பயமா இருந்துச்சு. புதுக் காலேஜுல சொன்னா அனுப்பிடுவாங்கன்னு, பழைய காலேஜுக்கு வந்து ஒளிஞ்சு வைத்தியம் பாக்கறாளோன்னு ஓடி வந்தேன். நல்லா இருக்கேன்னுதானே எல்லாப் பிள்ளைங்களும் சொல்லுது. காயிதத்துல முத்திரை வேற இருக்கு. யாரோ பெத்தவங்க மனசு தெரிஞ்சவங்க எழுதியிருக்காங்க. பஸ்சுல நாலு தடவை படிச்சேன், நாலு தடவையும் அழுதேன்."

"நான்தாங்க எழுதினேன்" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நல்லா எழுதுறீங்க. எழுதின கையை ஒடிக்கணும்."

சிஸ்டர் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். [தண்ணீர் வந்துவிட்டது.] பிறகு எதையும் மறைக்காமல் சொன்னார். அட்டை, இழுப்பறை, கரண்டி, சாவி, வாளி. கேட்கக் கேட்கத் தையல்காரம்மாவின் முகம் சிவந்துகொண்டே வந்தது. சொல்லி முடித்ததும் வெடித்தார்.

"என் பொண்ணு பேருல பதினாலு நோயா? நாளைக்கு அவளுக்கு ஒரு வேலை, ஒரு நல்லது கெட்டதுன்னு வரும்போது இந்தக் காயிதம் எங்கேயாவது தலை நீட்டினா? உங்களுக்குப் பாவம் பாக்க வேற நம்பர் கெடைக்கலையா?"

அவர் கேட்டது நியாயம்.

"என்னால வந்ததுங்க. நான் இனிமே வரல" என்றார் ஈரத்தரை அக்கா. கட்டு பாதி போட்ட காலைக் கீழே வைத்து எழுந்திருக்கப் பார்த்தார். அப்போதுதான் தையல்காரம்மா அந்தக் காலைப் பார்த்தார். கோபம் இறங்கவில்லை, ஆனால் குனிந்துவிட்டார். துணியில் ஓட்டை கண்டால் தையல்காரரால் சும்மா இருக்க முடியாது போலிருக்கிறது.

"எதுல உரசுது?"

அக்கா செருப்பைக் காட்டினார்.

"இதைப் போட்டுக்கிட்டுத் தண்ணியில நிக்கிறியா? கட்டு நனையாதா?"

"நனையும். பிளாஸ்டிக் பை கட்டிக்குவேன். ரெண்டு படி ஏறினா அவுந்துடும்."

தையல்காரம்மா கழுத்திலிருந்த நாடாவை உருவினார். பாதத்தின் நீளம், குதிகால் சுற்று, கணுக்காலுக்கு மேல் நான்கு விரல். சிஸ்டரிடம் பேனா வாங்கித் தன் உள்ளங்கையில் குறித்துக்கொண்டார். "மழைக்கோட்டுத் துணியில ஒரு உறை தச்சா போதும். மேல நாடா வச்சு இறுக்கிக்கலாம். உள்ள காத்துப் போகணும், அதனால வேலை முடிஞ்சதும் கழட்டிடணும், புரியுதா?"

எழுந்தபோது தடுமாறினார். பயணம், பசி, கோபம். சிஸ்டர் பிடித்து உட்காரவைத்து இரத்த அழுத்தம் பார்த்தார். நிறையவே ஏறியிருந்தது.

சிஸ்டர் வழக்கம்போலப் பதிவேட்டை இழுத்தார். பேனா முதல் கட்டத்தின் மேல் நின்றது. அப்படியே நின்றது.

தையல்காரம்மா எட்டிப் பார்த்தார்.

"என்ன யோசிக்கிறீங்க? என் பொண்ணு நம்பர்தானே. எழுதுங்க" என்றார்.

இன்னொரு 412. ஓரத்தில் சிஸ்டர் ஒரு கத்தரிக்கோல் வரைந்தார்.

6

அம்மா வந்த செய்தி நலக்குழுவுக்கு எட்டியது. மறுநாள் வியாழக்கிழமை, மூன்று மணிக்குத் தையல்காரம்மாவைச் சந்திக்க விரும்பியது. இனி இந்தக் கதை எப்படி முடியும்? நான் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு. "என் மகள் குணமாகிவிட்டாள், உங்களுக்கு நன்றி" என்கிறார் அம்மா. எல்லோரும் கைதட்டுகிறார்கள். சந்தோஷமான முடிவு, கேட்டதும் இதுதான். கையேட்டில் அச்சாகிவிடும். ஆனால் அடுத்த மாதம் புள்ளியியல் சாரின் படத்தில், குணமான பெண் மறுபடி பதினைந்து முறை வந்திருப்பாள்.

இரண்டாவது முடிவு. அம்மா உள்ளதை உள்ளபடி சொல்கிறார். சிஸ்டருக்கு வேலை போகிறது. இழுப்பறை பூட்டப்படுகிறது. அடுத்த கட்டு மாற்ற வேண்டிய நாளில் ஈரத்தரை அக்கா வந்து கதவைத் தள்ளிப் பார்க்கிறார். அவருடைய காலில்—

[என்னால் முடியவில்லை.]

மூன்றாவது முடிவு. சிஸ்டரே எழுந்து ஒப்புக்கொள்கிறார். இதை எழுதி அவரிடமே கொண்டுபோய்க் காட்டினேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"நான் ஒத்துக்கிட்டா என் மனசு லேசாகும் டீச்சர். அவங்க காலுக்கு என்ன ஆகும்னு இதுல போடலையே."

தையல்காரம்மா என்ன சொல்லப்போகிறார் என்று அவர் எங்களிடம் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்கும் தகுதி எங்களுக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

7

இது கற்பனை செய்த பகுதி இல்லை. நான் அந்த அறையில் இருந்தேன், கூட்டக் குறிப்பு நோட்டுடன்.

துணை முதல்வர் எழுந்து வந்து தையல்காரம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். மூலையில் புதுச் சாய்வு நாற்காலி உறை பிரிக்காமல் இருந்தது. புள்ளியியல் சார் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். சிஸ்டரையும் அழைத்திருந்தார்கள், உட்காரச் சொல்லியும் கதவருகிலேயே நின்றார்.

"உங்க பொண்ணு இப்ப எப்படிம்மா இருக்கா?" என்றார் துணை முதல்வர்.

தையல்காரம்மா கையை விடுவித்துக்கொண்டு தன் உள்ளங்கையைப் பார்த்தார். பேனாவால் குறித்த அளவுகள் அழியாமல் இருந்தன.

"கால் புண்ணு இன்னும் ஆறலீங்க" என்றார். "ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாத்தணும். அதை மட்டும் நிறுத்திடாதீங்க."

"கால் புண்ணா?"

"ஆமாங்க. நாள் முழுக்க ஈரத்தரையிலேயே நிக்கிறா. அப்புறம் எப்படி ஆறும்?"

"ஈரத்தரையா?" என்றார் புள்ளியியல் சார். "படிக்கிற பொண்ணுதானே?"

"கைய வேற சுட்டுக்கிட்டா, கூட்டாளுங்களுக்கு ஆக்கிப் போடற இடத்துல. கண்ணு சரியாத் தெரியல. வயித்துல ஏழு மாசம்." தையல்காரம்மா நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனார், துணி எண்ணி வைப்பதுபோல. "போன மழையில தொண்டை கட்டிக்கிட்டுப் பேச்சே வரல. நேத்து மயக்கம் வேற. பிரஷரு."

துணை முதல்வரின் பார்வை தையல்காரம்மாவிடமிருந்து சிஸ்டரிடம் போனது, சிஸ்டரிடமிருந்து கண்ணாடிக் கதவுக்கு வெளியே நடைபாதைக்குப் போனது. அங்கே மஞ்சள் பலகை நின்றது. அதற்குப் பின்னால், ஒரு காலைச் சற்றுத் தாங்கி வைத்து, ஒருவர் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா" என்றார் துணை முதல்வர் மெதுவாக, "நீங்க யாரைப் பத்திச் சொல்றீங்க?"

"நீங்க யாரைப் பத்தி எழுதியிருந்தீங்களோ அவளைப் பத்தித்தாங்க." தையல்காரம்மா பையிலிருந்து கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். நான் எழுதிய பத்திகளை விரலால் தாண்டிக்கொண்டு போய், அடியில் கைப்பட எழுதிய வரியைத் தொட்டார். "கவனிக்காம விட்டதுக்கு வருந்துறேன்னு போட்டிருக்கீங்க. இந்த ஒரு வரிக்காகத்தான் நான் பஸ்சு ஏறினேன். எழுதினது நெசந்தானே?"

துணை முதல்வர் குனிந்து தன் கையெழுத்தைப் படித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "டீச்சர், எதுவரைக்கும் எழுதியிருக்கீங்க?" என்று கேட்டார்.

நோட்டைத் திருப்பிக் காட்டினேன். தேதி இருந்தது. வந்தவர்கள் பெயர் இருந்தது. பேசியது இருந்தது. தீர்மானம் என்று எழுதி, பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்திருந்தேன்.

அவர் ஏதோ சொன்னார். நான் அதை நோட்டில் எழுதினேன். இங்கே எழுதப்போவதில்லை. நல்லதாக இருந்தால், நீங்கள் நிம்மதியாகக் கையேட்டை மூடி வைத்துவிடுவீர்கள். கெட்டதாக இருந்தால், அவர்மேல் பழியைப் போட்டுவிட்டு மூடி வைப்பீர்கள். உங்கள் வாசலிலும் இரண்டு பலகை இருக்கலாம். அவற்றை யார் துடைக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள். அந்த அறையில் துணை முதல்வருக்குப் பதில் நீங்கள் இருந்தால் என்ன சொல்வீர்கள் என்று யோசியுங்கள். அவசரம் இல்லை என்று சொல்ல ஆசைதான்.

ஆனால் ஈரத்தரை அக்காவுக்குக் கடைசியாகக் கட்டு மாற்றியது நேற்று. அடுத்த முறை நாளைக் காலை, எட்டரை மணிக்கு.

[கைகழுவுதல் எங்கும் வரவில்லை என்று கையேட்டுக்காரர்கள் சொல்லக்கூடும். வந்தது. கட்டுப் போடுவதற்கு முன்னும் பின்னும் சிஸ்டர் கழுவினார். ஒவ்வொரு 412க்கும்.]